போன் யார் கையில்? – அறிவியல் ஆசிரியர்கள் கேள்வி பதில்

கேள்வி: வியாசர்பாடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர்களை ஒருங்கிணைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 42 பேர். பாதிப் பேர் வீட்டில் ஒரே போன்தான். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். வகுப்பில் போன் வைத்துச் சோதனை செய்தாலோ, ஏற்கெனவே பழகிய நாலைந்து பையன்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள். என்ன வழி?

பதில்: முதலில் போனை வீட்டுப்பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பாடப்புத்தக கியூஆர் கோடை ‘வீட்ல ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு வா’ என்று சொன்ன அன்றே பாதி வகுப்பு பின்தங்கிவிடுகிறது. வீடியோவை நீங்களே இறக்கி, பென் டிரைவில் போட்டு, வகுப்பிலேயே காட்டுங்கள்.

பிடுங்கலை அதட்டி நிறுத்த முடியாது. ஒருவர் கையால் நடக்கவே நடக்காத சோதனையாகத் தேர்ந்தெடுங்கள். ‘ஒலி’ பாடத்துக்கு ஒலியின் வேகம் நல்ல தேர்வு. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைபாக்ஸ் இலவச ஆப். ஒருமுறை ஏற்றிவிட்டால் நெட் வேண்டாம். அதில் ஒலி ஸ்டாப்வாட்ச் இருக்கிறது: ஒரு சத்தம் கேட்டால் ஓடும், அடுத்த சத்தத்தில் நிற்கும்.

இரண்டு போன்களை 5 மீட்டர் தள்ளி வையுங்கள். முதல் போன் அருகில் ஒருத்தி கைதட்ட வேண்டும். இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கும். பிறகு இரண்டாவது போன் அருகில் இன்னொருவர் தட்ட, இரண்டும் நிற்கும். இரு நேரங்களின் வித்தியாசம், ஒலி 10 மீட்டர் போகும் நேரம். 30 டிகிரி வெயிலில் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர், ஆக 0.029 விநாடி வர வேண்டும். 170 என்று விடை வந்தால் பிள்ளைகள் 10-க்குப் பதில் 5-ஐ வகுத்திருக்கிறார்கள். அதைத் திருத்திவிடாமல், ஏன் இரண்டு மடங்கு என்று அவர்களையே படம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாடத்தின் சாரமே அங்குதான் இருக்கிறது. ஒரு மில்லி விநாடி பிசகினாலே வேகம் விநாடிக்கு 12 மீட்டர் மாறும் என்பதால் 335 முதல் 360 வரை வந்தால் ஏற்கலாம்.

சொதப்பும் இடங்கள்: ஃபேன் சத்தமும் தெருவில் போகும் லாரியும் கடிகாரத்தைத் தட்டிவிடும். ஃபேனை நிறுத்துங்கள், ஆப்பில் த்ரெஷ்ஹோல்டு (எவ்வளவு சத்தத்துக்கு மேல் கடிகாரம் இயங்கும்) என்ற எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கூட்டியதால் எதிர்முனைக் கைதட்டல் கேட்காமல் போனால் இரண்டு மர ஸ்கேலை மோத விடலாம். தட்டுகிறவர் இரு போன்களுக்கும் நடுவில் நின்றால் தூரம் குறைந்து கணக்கு தப்பும். போனை ஒட்டி, வெளிப்பக்கம் நிற்க வேண்டும். ஆசிரியர்களின் போன் என்றால் ஃப்ளைட் மோடு கட்டாயம். நடுவில் வாட்ஸ்அப் ‘டிங்’ என்றால் கடிகாரம் நின்றுவிடும்.

நான்கு போன் இருந்தால் இரண்டு இடத்தில் நடத்தலாம். ஆறு பேர் கொண்ட ஏழு குழு: இருவர் தட்ட, இருவர் போனில் நேரம் பார்த்துச் சொல்ல, ஒருவர் டேப் பிடிக்க, ஒருவர் எழுத. குழுவுக்கு ஐந்து நிமிடம் என்றால் 20 நிமிடத்தில் எல்லாரும் முடிப்பார்கள். காத்திருக்கும் குழுக்கள் 3, 4 மீட்டருக்கு எவ்வளவு நேரம் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடட்டும். பெயர்ப்பட்டியலில் யார் கருவியைத் தொட்டார்கள் என்று ஒரு டிக் போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் டிக் இல்லாத பெயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் கடைசி பெஞ்சும் பெண் பிள்ளைகளும்தான். அடுத்த சோதனையில் அவர்கள் கையில் முதலில் கொடுங்கள்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு பருவத்துக்கு ஒரு சோதனை போதும். இருப்பதிலேயே பழைய போனை வைத்து முன்கூட்டியே ஒரு ஃப்ரீ பீரியடில் சேர்ந்து செய்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மின்சுற்றைத் திரையிலேயே அமைத்துப் பார்க்க ஃபெட் சிமுலேஷன் இருக்கும்போது பல்பும் பேட்டரியும் எதற்கு? கடல் காற்றில் எங்கள் லேப் கிளிப்பெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. (காசிமேடு ஆசிரியர்)

பதில்: கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அருமையானதுதான், சிமுலேஷனை ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஆனால் அதில் பேட்டரியின் உள்மின்தடை, நீங்களாக மாற்றும்வரை பூஜ்யம். நிஜத்தில் பல்பு இழை சூடேறினால் மின்தடை கூடும், செல் தளரும், துருப்பிடித்த கிளிப் மின்சாரத்தைத் தடுக்கும். துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு நிஜச் சுற்றை முதலில் எரிய விடுங்கள். மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று காட்டத்தான் திரை. வரிசையை மாற்றினால், நிஜ பல்பு மங்கலாக எரிவதைப் பார்த்து ‘சார், இது தப்பு’ என்பார்கள்.

கேள்வி: எண்ணூரில் மாணவர்களை வைத்து டிடிஎஸ் மீட்டரால் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) தண்ணீர் சோதிக்கிறோம். இரண்டு மீட்டர் இரண்டு எண் காட்டுகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். மீட்டர் உப்பை எடை போடுவதில்லை; மின்கடத்துதிறனை அளந்து ஒரு எண்ணால் பெருக்குகிறது. சிலதில் அது 0.5, சிலதில் 0.7. 10 கிராம் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். அதில் 100 மில்லி எடுத்து மறுபடி 1 லிட்டராக்குங்கள். ஒன்று 1000-ஐ ஒட்டியும் மற்றது 1400-ஐ ஒட்டியும் காட்டினால் மீட்டர்கள் நலம். ஒரு வகுப்புக்கு ஒரே வகையை வாங்குங்கள்.

குடிநீரின் டிடிஎஸ்ஸுக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீரே இல்லாவிட்டால் 2000 வரை. எண் குறைவாக இருந்தால் தண்ணீர் நல்லது என்று பிள்ளைகள் முடிவு கட்ட விடாதீர்கள். எண்ணெயும் கிருமியும் இதில் தெரியாது. கழிமுக நீர் கருவியின் அளவைத் தாண்டலாம். பத்து மடங்கு நீர்க்கச் செய்து அளந்து, பத்தால் பெருக்குங்கள். மாதிரியைக் கயிறு கட்டிய வாளியால் பெரியவர் எடுக்கட்டும்.

கேள்வி: பார்வைக் குறைபாடுள்ள மாணவிக்கு மைக்ராஸ்கோப் தெரிவதில்லை. (தண்டையார்பேட்டை)

பதில்: கண்வில்லைக்கு மேல் போன் கேமராவை நேராக வைத்து, எச்டிஎம்ஐ வயரில் ஸ்மார்ட் போர்டுக்குக் கொடுங்கள், வயர் ஏற்காத போன் என்றால் போட்டோ எடுத்து மாற்றலாம். கேமராவை ஒட்டி வைத்தால் ஓரம் கறுக்கும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அட்டைக் குழாய் இடைவெளி விட்டுச் சரிபாருங்கள். வெங்காயத் தோலுக்கு அயோடின் ஒரு சொட்டுப் போட்டால்தான் உட்கரு பெரிய திரையில் பளிச்சென்று தெரியும்.