35 கிலோடால்டனில் பட்டை வந்தால் அது ஏற்பியா?

கேள்வி: மூளையில் உருவாகும் ஸ்டீராய்டான அலோபிரெக்னனலோனில், ஒளி பட்டால் பக்கத்துப் புரதத்தோடு ஒட்டும் டையசிரினும், பின்னர் அடையாளம் பொருத்த உதவும் ஆல்கைனும் சேர்த்த புரோப் (தேடு மூலக்கூறு) ஒன்று வைத்திருக்கிறோம். 10 மைக்ரோமோலார் அளவில் எலி மூளைச் சவ்வோடு கலந்து 365 நானோமீட்டர் ஒளி காட்டினால், ஜெல்லில் 35 கிலோடால்டன் அருகே ஒரே அழுத்தமான பட்டை. போட்டிக்கு நூறு மடங்கு சாதாரண அலோபிரெக்னனலோன் சேர்த்தும் மங்கவில்லை. இதுதான் ஏற்பியா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முதல் சந்தேகம் விடிஏசி-1 மீது விழ வேண்டும். மைட்டோகாண்டிரியாவின் வெளிச்சவ்வில் மண்டிக்கிடக்கும் அயனிக் கால்வாய் அது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2003-இல் 6-அசி-பிரெக்னனலோன் என்ற ஒளிப் புரோப்பால் எலி மூளையில் பிடித்ததும் இதே எடைப் பட்டைதான். அடுத்த ஆண்டு, விடிஏசி-1 இல்லாத சுண்டெலிகளில் அந்தப் பட்டை காணாமல் போனது. ஆனால் ஸ்டீராய்டு தரும் மயக்கமோ, நரம்பணுக்களை அடக்கும் காபா-ஏ ஏற்பியின் மீது அது காட்டும் விளைவோ மாறவில்லை. ஒளி பட்ட கணத்தில் பக்கத்தில் இருந்தது யார் என்பதை மட்டுமே புரோப் சொல்லும். வேலை செய்வது யார் என்று சொல்லாது.

சிறு ஆல்கைல் டையசிரினுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒளியில் அதன் ஒரு பகுதி, அருகில் இருப்பதோடு உடனே ஒட்டும் கார்பீனாகாமல் டையசோ சேர்மமாகிறது. டையசோ சற்று நேரம் உயிரோடிருந்து குளுட்டமேட், ஆஸ்பர்டேட் போன்ற அமிலப் பக்கங்களைத் தேடிப் பிடிக்கும். விடிஏசி-1 இல் 73-ஆம் இடத்துக் குளுட்டமேட் சவ்வின் கொழுப்புப் பகுதியை நோக்கி நிற்கிறது. அழுத்தமான பட்டைக்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணமாகலாம்.

உங்கள் போட்டிச் சோதனையை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். 10 மைக்ரோமோலாருக்கு நூறு மடங்கு என்றால் 1 மில்லிமோலார். அவ்வளவு ஸ்டீராய்டு தாங்கல் கரைசலில் கரையாது. வீழ்படிவாகிக் குழாயில் ஒட்டியிருக்கும். புரோப்பை 0.3 மைக்ரோமோலாருக்கு இறக்குங்கள். போட்டிப் பொருள் 10 முதல் 30 மைக்ரோமோலார் போதும். அதை 30 நிமிடம் முன்னதாகவே சேர்த்துவிடுங்கள். கரைப்பானான டிஎம்எஸ்ஓ எல்லாக் குழாயிலும் ஒரே அளவு, 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அதற்கும் முன், டையசிரின் ஏற்றிய பிறகும் புரோப் காபா-ஏ மீது செயல்படுகிறதா என்று கதிரியக்கக் கந்தகம்-35 ஏற்றிய டிபிபிஎஸ் (காபா-ஏ கால்வாயில் அமரும் சேர்மம்) பிணைப்புச் சோதனையில் பாருங்கள். செயலிழந்த புரோப்பால் நிஜ ஏற்பியைத் தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

மூளையை 0.32 மோலார் சுக்ரோஸில் அரைத்து, 1,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றிக் கசடை ஒதுக்குங்கள். மேல்நீரை அதிவேகத்தில் சுழற்றி எடுத்த சவ்வை இரண்டு மூன்று முறை கழுவினால் உள்ளேயே இருந்த ஸ்டீராய்டு குறையும். புரதம் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். தாங்கலில் டிரிஸ் வேண்டாம், அதன் அமீன் கார்பீனை விழுங்கிவிடும், பாஸ்பேட் நல்லது. ஈடிடிஏவும் வேண்டாம், பின்னால் கிளிக் வினைக்குச் சேர்க்கும் தாமிரத்தை அது பிடித்துக்கொள்ளும். இருட்டில் பனிக்கட்டி மேல் ஒரு மணி நேரம் வைத்த பின், 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மூடியில்லாத தட்டில் ஊற்றி 365 நானோமீட்டரில் 5 முதல் 10 நிமிடம் ஒளி காட்டுங்கள். 254 நானோமீட்டர் விளக்கைத் தொடவே வேண்டாம், புரதமே சேதமாகும். விளக்குக்கு விளக்கு திறன் மாறுவதால், எத்தனை நிமிடத்தில் புரோப் முழுதும் சிதைகிறது என்பதை சேர்மங்களைப் பிரித்து நிறை அளக்கும் எல்சி-எம்எஸ்ஸில் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஒளி காட்டாத குழாய் ஒன்று கட்டாயம்.

அடுத்து 1 சதவீத எஸ்டிஎஸ் சோப்பில் கரைத்து, தாமிரம், அதைப் பிடித்துவைக்கும் டிஹெச்பிடிஏ, ஒடுக்கியான டிசிஇபி, பயோட்டின் அசைடு சேர்த்து ஒரு மணி நேரம் கிளிக் வினை; புரோப்பின் ஆல்கைனில் பயோட்டின் ஒட்டும். 95 டிகிரியில் கொதிக்க வைக்காதீர்கள். சவ்வைப் பலமுறை ஊடுருவும் புரதங்கள் திரண்டு ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடும். 37 டிகிரியில் 30 நிமிடம் போதும். மிஞ்சிய பயோட்டினை மெத்தனால்–குளோரோஃபார்ம் வீழ்படிவால் நீக்கினால்தான் பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளில் இடம் இருக்கும். பயோட்டினைக் காட்டும் பிளாட்டில் 75, 130 கிலோடால்டன் அருகே பட்டை தெரிந்தால் மகிழ வேண்டாம், அவை இயல்பிலேயே பயோட்டின் சுமக்கும் கார்பாக்சிலேஸ்கள்.

ஜெல்லில் காபா-ஏ ஏன் தெரியவில்லை? 1 மில்லிகிராம் சவ்வில் 1 பிகோமோல் ஏற்பி இருப்பதாகக் கொண்டால், 50 கிலோடால்டன் துணையலகு ஒன்று 50 நானோகிராம் வரும். அதில் 5 சதவீதம் ஒட்டினால் 2.5 நானோகிராம். விடிஏசியின் பெருக்கத்துக்கு நடுவே அது கண்ணில் படாது. ஆகவே பட்டையின் அழுத்தத்தை மறந்து, 2 மில்லிகிராமுக்கு மேல் சவ்வில் தொடங்கி, மணிகளில் பிடித்ததை டிரிப்சின் நொதியால் வெட்டி, நிறையை அளந்து புரதத்தை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்கில் பாருங்கள். தனித்தனி விலங்குகளிலிருந்து குறைந்தது மூன்று மாதிரிகள். போட்டியில் குறையும் புரதங்களை மட்டும் பட்டியலில் வையுங்கள்.

எதிர்ச்சோதனைக்கு 3-பீட்டா எபிமரை (3-ஆம் கார்பனில் மட்டும் அமைப்பு திரும்பிய வடிவம்) நம்பாதீர்கள். காபா-ஏயைத் தூண்டாவிட்டாலும் சில இடங்களில் அது அமரும். கண்ணாடிப் பிம்ப ஸ்டீராய்டு கிடைத்தால் அதுவே மேல். பட்டியலில் காபா-ஏ துணையலகு வந்தால், அதைச் செல்லில் தனியாக உருவாக்கிச் சுத்திகரித்து, ஒட்டிய அமினோ அமிலத்தைக் கண்டுபிடித்து, அதை மாற்றிய பிறகு மின்னோட்டம் மாறுகிறதா என்று அளக்க வேண்டியிருக்கும். விடிஏசி-1 மட்டுமே வந்தால் டையசிரினை ஸ்டீராய்டின் வேறு கார்பனுக்கு மாற்றுங்கள், அல்லது டிரைஃபுளோரோமெத்தில்-ஃபீனைல் வகை டையசிரினுக்குப் போங்கள். அதில் டையசோ வழித் தொல்லை மிகக் குறைவு. உருவில் பெரியது என்பதால் டிபிபிஎஸ் சோதனையை மறுபடியும் செய்தாக வேண்டும்.