ஏரிக்கு நிதி கேட்கும் முன் அ-பதிவேட்டைப் பாருங்கள்

கேள்வி: ஓமலூர் பக்கம் எங்கள் ஊர் ஏரியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நல்ல மழை பெய்தாலும் தண்ணீர் சேர்வதில்லை. இளைஞர்கள் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறோம். சீரமைக்க அரசுப் பணம் கிடைக்குமா? யாரிடம் கேட்பது?

பதில்: கிடைக்கும். ஆனால் ஏரி எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறதோ, அதன் வழியாகத்தான் பணம் வரும். அது தெரியாமல் மனு கொடுத்தால் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் வி.ஏ.ஓ.விடம் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, அ-பதிவேட்டைப் பாருங்கள்; நிலம் யார் பொறுப்பில் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு அது. பொதுவாக ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பனமரத்துப்பட்டி ஏரி சேலம் நகருக்கு வெளியே எங்கோ இருக்கிறது. சேலத்துக்குக் குடிநீர் தந்த ஏரி என்பதால் அது மாநகராட்சியின் சொத்து.

ஒன்றியத்து ஏரி என்றால் கிராமசபைத் தீர்மானம்தான் உங்கள் பலம். 2024-25-ல் 5,000 சிறு பாசன ஏரிகளுக்கு 500 கோடி ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. இப்படி ஒரு பட்டியல் தயாராகும்போது தீர்மானம் கையில் இருக்கும் ஊர் முந்திக்கொள்ளும். நீர்வளத் துறை ஏரி என்றால் ஆயக்கட்டு விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டு போங்கள். 2017-ல் தொடங்கிய குடிமராமத்து என்ற ஏரி சீரமைப்புத் திட்டத்தில் விவசாயிகளின் பங்கு 10 சதவீதம். அதை உழைப்பாகவும் தரலாம் என்று வைத்திருந்தார்கள். ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளுக்குக் கிடைத்த மத்திய ஏரிப் பாதுகாப்பு நிதி வேறு வகை, மாநில அரசுதான் முன்மொழிய வேண்டும். அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

சரி, பணம் ஒதுக்கினால் மட்டும் ஏரி நிறைந்துவிடுமா? மழை பெய்தும் தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வரத்து வாய்க்கால் எங்கோ அடைபட்டிருக்கிறது, அல்லது யாரோ வளைத்துவிட்டார்கள். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை சரபங்காவில் இறங்கி உங்கள் பக்கம்தான் வருகிறது. அது ஏரிக்குத் திரும்ப வழி வேண்டாமா? பல இடங்களில் கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டு, பெயர்ப்பலகை வைத்துவிட்டு வாய்க்காலைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் தாங்க முடியாத வேதனை. எஸ்டிமேட் போடும்போதே வாய்க்கால், மதகு, கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்) மூன்றும் அதில் இருக்கிறதா என்று உதவிப் பொறியாளரிடம் கேட்டு, ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரமறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

வேலை தொடங்கும் முன் சர்வேயரை வைத்து எல்லைக்கல் நடச் சொல்லுங்கள். நீர்வளத் துறை ஏரி என்றால் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் தருகிறது.

அப்புறம் மண். அள்ளிய மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டும் செலவில்தான் நிதி கரையும். வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமில்லாமல் எடுக்கலாம். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் இன்னொரு வழி செய்தார்கள்: மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தீர்மானத்தில் ஏரியின் சர்வே எண்ணோடு வாய்க்காலின் சர்வே எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.