ஆல்பம் உறை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சொந்தச் செலவில் ஆல்பம் வெளியிடுகிறேன். உறை வரைந்தவருக்கு 800 வெள்ளி கொடுத்தேன். அதே படத்தைச் சட்டையில் போட்டு விற்கப் போகிறேன் என்றதும் தனிக் கட்டணம் கேட்கிறார். நியாயமா? – ஈசூன் வாசகர்

பதில்: நியாயம்தான். எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, சிங்கப்பூரில் ஓவியத்தின் பதிப்புரிமை வரைந்தவருக்கே. புகைப்படத்துக்கு முன்பு எடுக்கச் சொன்னவரிடம் உரிமை இருந்தது; 2021 நவம்பர் 21-ல் புதிய சட்டம் வந்த பிறகு அதுவும் எடுத்தவருக்குப் போய்விட்டது. பேசி ஒரு தொகைக்கு வாருங்கள். அடுத்த முறை சிடி, இணையம், சட்டை என்று எதற்கெல்லாம் படம் வேண்டுமோ, அதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: உறையில் பார்கோடு கட்டாயமா?

பதில்: கச்சேரியில் நீங்களே விற்றால் தேவையில்லை. கடையில் வைப்பதென்றால் கடைக்காரரே கேட்பார்.

கேள்வி: அச்சாகி வந்த 300 உறையிலும் தமிழ் எழுத்து உடைந்து கிடக்கிறது. ‘கொ’ வரவேண்டிய இடத்தில் கொம்பு தனியே, கால் தனியே. நான் ஒப்புதல் தந்த பிடிஎஃப்பில் சரியாக இருந்தது. வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. – தெம்பனிஸ் வாசகி

பதில்: படித்ததுமே கோபம் வந்தது. தமிழ் அதிகாரத்துவ மொழியாக உள்ள ஊரில் இதை எத்தனை பதாகையில், எத்தனை அட்டையில் பார்த்தாயிற்று! எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையே இப்படித்தான் வந்தது. திருத்தி அச்சிட அந்தக் கடை மறுபடி முழுப் பணம் வாங்கியது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், எழுத்துகளை அடுக்கும் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் உட்காராது. உங்கள் விஷயத்தில் பிடிஎஃப்புக்குப் பதிலாக மூலக் கோப்பு அச்சகத்துக்குப் போயிருக்கலாம். எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி அனுப்பியிருந்தால் எந்தக் கணினியிலும் உடையாது. தமிழ் வேலைக்குக் காசு வாங்குகிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும். மொழி தெரியாதது குற்றமில்லை. தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பியதுதான் குற்றம்.

பிடிஎஃப்பையும் உறையையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, மறுஅச்சுச் செலவை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் சிறு கோரல்கள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே போகலாம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த 600 பிக்சல் படத்தை எல்பி இசைத்தட்டின் அட்டைக்குக் கொடுத்தேன். மங்கலாக வந்துவிட்டது. அச்சகம் அனுப்பிய மாதிரியை நேரமில்லாததால் திறக்கவில்லை. படம் யாருடையது என்றும் தெரியாது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: முடியாது. அங்குலத்துக்கு 300 வீதம் 12 அங்குல அட்டைக்கு 3,600 பிக்சலாவது வேண்டும். உங்கள் படம் இரண்டு அங்குலத்துக்குத்தான் காணும். காசு கட்ட நேரம் இருந்தது, மாதிரியைப் பார்க்க இல்லையா? மறுபடி அச்சிடும் முன் படத்துக்குச் சொந்தக்காரர் யாரென்று கண்டுபிடித்து அனுமதி வாங்குங்கள்.

கேள்வி: பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த 450 வெள்ளியை என் மகன் உறை வரைபவருக்கு பேநவ்வில் அனுப்பினான். ஆளைக் காணோம். காட்டிய மாதிரி ஓவியங்களும் வேறொருவருடையவையாம். – உட்லண்ட்ஸ் தாய்

பதில்: அம்மா, பையனைத் திட்டாதீர்கள். அவன் உழைத்த காசைப் பறித்தவன்மேல்தான் தப்பு. இன்றே வங்கிக்குச் சொல்லுங்கள், போலிசில் புகார் கொடுங்கள். பேநவ் ரசீதையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். என்ன செய்வதென்று குழப்பமாக இருந்தால் 1799 என்ற மோசடி உதவி எண்ணில் கேட்கலாம். சிறு கோரல்கள் நடுவர் மன்றத்துக்கு எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும் என்பதால் அது அப்புறம். மாதிரிகளை உண்மையில் வரைந்தவருக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தன் ஓவியத்தைக் காட்டி யாரோ பணம் பறிப்பது அவருக்கும் தெரியவேண்டும்.