பழைய கேமராவைக் கொடுங்கள், கார்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள்

புது கேமரா வாங்கியபின் பழைய டிஜிட்டல் கேமராவை எக்ஸ்சேஞ்சில் போடலாமா, சொந்தக்காரப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்கே கொடுங்கள். ஆனால் முதலில் உள்ளே இருக்கும் மெமரி கார்டை வெளியே எடுத்து வையுங்கள். உங்கள் கார்டிலும் நாலைந்து வருஷப் படங்கள் அப்படியே கிடக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். 2008ல் வாங்கிய கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ் எங்களிடம் இருந்தது. 7.1 மெகாபிக்சல், இரண்டு பென்சில் செல்லில் ஓடும். 2013ல் நிக்கான் டி3200 வாங்க சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி சந்துக்குப் போனோம். கடைகள் எல்லாமே கேமராதான் அங்கே. பழையதற்கு 700 ரூபாய் தருகிறேன் என்றார் கடைக்காரர். மனசு வரவில்லை. ஆர்.கே. புரத்தில் இருக்கும் அண்ணன் பையன் அப்போது ஆறாவது. எந்த விசேஷம் என்றாலும் என் கேமராவையே சுற்றிச் சுற்றி வருவான். அவனுக்கு உறையோடு கொடுத்தேன். அண்ணி வீட்டில் ஒருவர், "புதுசை வச்சுக்கிட்டுப் பழசைத் தள்ளிவிட்டுட்டா" என்றார். அப்படியில்லை. பிடித்த பொருள், பிடித்த பிள்ளையிடம் இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பேசும்போது அவனே சொன்னான்: "அத்தை, கார்டு ஃபுல்னு வந்துச்சு, ஃபார்மட் பண்ணிட்டேன்."

2 ஜிபி கார்டு. அதில் கிட்டத்தட்ட 600 படங்கள். 2009 குளிர்காலத்தில் அப்பா எங்களோடு இரண்டு மாதம் தங்கியிருந்தார். மங்கி குல்லாவும் மஃப்ளருமாக ஆர்.கே. புரம் முருகன் கோவிலான மலை மந்திர் படிக்கட்டில் நின்றது, பால்கனி வெயிலில் பேப்பர் படித்தது எல்லாம் அதில்தான். 2011ல் அப்பா தவறிவிட்டார். காப்பி எடுத்து வைக்காதது என் தப்பு என்பீர்கள். கம்ப்யூட்டரில் ஏற்றித்தான் வைத்திருந்தேன். அதன் ஹார்ட் டிஸ்க் போனபிறகு, கார்டில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அது தப்புதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். 2006ல் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்தோம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட போட்டோகிராபர் கடைசிவரை ஆல்பம் தரவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்டோம். ஒருமுறை போனால் கடையே இல்லை. அப்பா அந்த ஆல்பத்தைப் பார்க்காமலே போய்விட்டார். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அதனால்தான் அந்தக் கார்டு எனக்கு அவ்வளவு பெரிது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணமாக ஃபார்மட் செய்தால் படங்கள் உடனே அழிந்துவிடாது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகும். அதே இடத்தில் புதுப் படம் பதிந்தால்தான் பழையது நிஜமாகவே போகும். அதனால் இப்படி ஆனால் அந்தக் கார்டில் அதற்குமேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். அழிந்த படங்களை மீட்டெடுக்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினோம். ஃபைல் பெயர்கள் எல்லாம் மாறித்தான் வந்தன, ஆனால் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருந்ததால் வரிசைப்படுத்த முடிந்தது. அவன் அதற்குள் மாடிப் புறாக்களை நாற்பது ஐம்பது படம் எடுத்திருந்தான். அந்த அளவுக்குப் பழையவை போய்விட்டன. மலை மந்திர் படங்கள் கிடைத்தன. பால்கனிப் படங்கள் கிடைக்கவில்லை.

அண்ணன் அவனை அடித்துவிட்டான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. குழந்தை கார்டைக் காலி செய்தது தப்பே இல்லை. அவன் அழுதுகொண்டே கேமராவைத் திருப்பிக் கொண்டுவந்தான். புதுக் கார்டு, சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல் நாலு, சார்ஜர் எல்லாம் வாங்கிப் போட்டு அவனிடமே கொடுத்தேன். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல் இந்த மாதிரி கேமராவில் பத்துப் படத்துக்குக்கூடத் தாங்காது. நீங்களும் செல்லும் சார்ஜரும் சேர்த்தே கொடுங்கள்.