முதலில் பிரேக், கடைசியில் பெயின்ட்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் எங்கள் 1967 பான்டியாக் ஜிடிஓ காரின் படம் வந்திருந்தது. பான்டியாக் என்ற பெயரையே நிறுத்தப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்த 2009-இல் வாங்கிய வண்டி. கொடுத்தவர் மிச்சிகனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கராஜில் 11 வருடம் அசையாமல் நின்றதை, நானும் என் மகளுமாக எங்கள் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, மூன்று வருடத்தில் ஓட வைத்தோம். படத்தைப் பார்த்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

அக்கா, எட்டு வருடமாக ஓடாத 1969 ஷெவர்லே ஷெவெல் ஒன்று வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் கழற்றி, பாடியை ஃபிரேமிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாகப் புதுசு பண்ணலாம் என்று திட்டம். எதில் தொடங்குவது?
*— வாசகர், டாலஸ்*

கழற்றாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

விற்பனை விளம்பரங்களைப் பாருங்கள். பாடி ஒரு பக்கம், இன்ஜின் ஒரு பக்கம், பத்துப் பெட்டி நிறைய போல்ட் என்று விலைக்கு வரும் வண்டிகள் எல்லாம் உங்களைப்போல ஆசையாக ஆரம்பித்தவர்களுடையவைதான். கழற்ற ஒரு வாரம் போதும். எந்த போல்ட் எங்கே இருந்தது என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். நடுவில் ஒரு குழந்தை பிறக்கும், வேலை மாறும், வீடு மாறும். அப்புறம் வண்டி பெட்டிகளில்தான் இருக்கும்.

முழுசாக இருக்கும் வண்டியை முழுசாகவே வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். முதல் வேலை பிரேக். "நிற்கத் தெரியாத வண்டியை ஓட வைக்காதே" என்று எங்கள் பெரியவர் முதல் நாளே சொன்னார். மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், இரும்புக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டியில் முன்பக்கம் டிஸ்க் இருந்தால் அந்தக் காலிப்பர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று எதையும் விடாதீர்கள்.

நான் விட்டேன். என் வண்டியில் நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம். எல்லாவற்றையும் மாற்றிய நான், முன்பக்க ரப்பர் ஹோஸ் இரண்டையும் மட்டும் துடைத்துப் பார்த்து, வெடிப்பு இல்லை என்று அப்படியே மாட்டிவிட்டேன். இரண்டாவது ஓட்டத்தில் நான்கு மைல் போயிருப்போம். ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. கருகல் வாடை வந்தது. ஒரு கடை வாசலில் ஒதுக்கி நிறுத்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் இரண்டு சொட்டு இடது முன் டிரம்மில் விட்டேன். தோசைக்கல்லில் விட்ட மாதிரி சுர்ரென்றது. மகள் அப்போது பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அந்த ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். வெளியே நன்றாக இருந்த ரப்பர் உள்ளே ஊறி வீங்கி, ஊசி நுழையும் அளவுக்குத்தான் துளை மிச்சமிருந்தது. பெடலை மிதிக்கும் வேகத்தில் பிரேக் ஆயில் அதன் வழியாக உள்ளே போய்விடும். காலை எடுத்தால் ஷூவை இழுக்கும் ஸ்பிரிங்குக்கு அதைத் திருப்பி அனுப்பும் பலம் கிடையாது. அதனால் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். மூன்று ஹோஸ்தான், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மலிவான பொருள். மாற்றிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதக் கூடாது. நனைத்துத் துடைத்து, துணியை மூடிய பையில் போட வேண்டும். இன்னொன்று, ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். ஃபிரேமுக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு தரம் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பிரேக் முடிந்த பிறகு பெட்ரோல் டேங்க். எட்டு வருடத்துப் பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அது ஒரு சொட்டுகூட இன்ஜினுக்குப் போகக் கூடாது. டேங்கை இறக்கிக் காலி செய்து, ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் புதிய ரகமாக மாற்றுங்கள். இன்று பெட்ரோல் பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது. அப்புறம் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

1967 ஜிடிஓ என்று ஒருவர் விற்கிறார். நிஜ ஜிடிஓவா, பெயர்ப் பட்டை ஒட்டிய லெமான்ஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*— வாசகர், நியூ ஜெர்சி*

1967-இல் வின் எண் (வண்டியின் அடையாள எண்) தகடு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் இருக்கும். 242 என்று தொடங்கினால் ஜிடிஓ, 237 என்றால் லெமான்ஸ், அதாவது அதே பாடியில் வந்த சாதாரண மாடல். என் வண்டி 242177P என்று தொடங்குகிறது: ஜிடிஓ, ஹார்ட்டாப் கூப்பே, 1967, பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலை.

1964, 65 மாடல்களில் ஜிடிஓ என்பது லெமான்ஸுக்கான ஒரு ஆப்ஷன் மட்டுமே. ஆகவே எண்ணில் தெரியாது. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பிடம் 1961 முதலான தொழிற்சாலைப் பதிவுகள் இருக்கின்றன. எந்த வருடத்து வண்டியானாலும் பணம் கொடுக்கும் முன் அங்கே நகல் வாங்கிவிடுங்கள்.

கையோடு ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் கீழ்ப்பகுதி, பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, டிக்கியின் தரை, இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. வினைல் கூரை போட்ட வண்டியென்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தத் துணிக்கு அடியில் ஈரம் தங்கித் தகட்டைத் தின்றிருக்கும்.

ஒரு வாரம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. ஒருமுறை கிளம்பிவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. ரோசெஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். மெக்கானிக் புதிய கார்புரேட்டர் வாங்கச் சொல்கிறார்.
*— வாசகர், அட்லான்டா*

வாங்க வேண்டாம். குவாட்ராஜெட் நல்ல கார்புரேட்டர். முன்னால் இரண்டு சிறிய தொண்டை, பின்னால் இரண்டு பெரிய தொண்டை. மெதுவாகப் போகும்போது சிக்கனம், மிதித்தால் வெள்ளம். ஆனால் அதில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் சிறியது.

ஒரு வாரம் நின்ற பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன், ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். உள்ளே பார்த்தபடி திராட்டிலைக் கையால் ஒருமுறை முழுசாகத் திறங்கள். இரண்டு மெல்லிய பீச்சல் தெரிந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, சோக்கைப் பாருங்கள். பீச்சல் இல்லையென்றால் கிண்ணம் காலி. காலி ஆனதற்குக் காரணம் இரண்டு. இன்றைய பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் சீக்கிரம் ஆவியாகிவிடும். இல்லையென்றால் கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு அடைப்பான்கள் கசிந்து, பெட்ரோல் மெதுவாக உள்ளே வடிந்துவிடும். பழைய குவாட்ராஜெட்டில் இரண்டாவது மிகச் சகஜம். கார்புரேட்டரைக் கழற்றிப் பிரித்து, கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, செய்தித்தாள் மேல் ஒரு இரவு வையுங்கள், நெருப்பே இல்லாத இடத்தில். காலையில் தாளில் ஈரம் இருந்தால், அடைப்பான்களை நன்றாகச் சுத்தம் செய்து, பெட்ரோல் தாங்கும் இரண்டு-பாக எபாக்ஸி பூசினால் போதும்.

கசிவு இல்லை, ஆவியாவதுதான் காரணம் என்றால், சின்னப் பிளாஸ்டிக் குப்பியால் கிண்ணத்தின் காற்றுக் குழாய் வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் விட்டுவிட்டு, குப்பியைத் தள்ளி வைத்து, ஏர் கிளீனரை மாட்டிய பிறகு சாவியைத் திருப்புங்கள். ஒருவர் பெட்ரோல் ஊற்ற இன்னொருவர் ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. இன்ஜின் திருப்பி உமிழ்ந்தால் ஊற்றுபவர் முகத்தில்தான் தீ. தீயணைப்பான் கராஜில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

என்ன இன்ஜின் ஆயில் போடுகிறீர்கள்?
*— வாசகர், சான் ஹோசே*

பழைய வண்டிகளுக்கென்றே விற்கும், துத்தநாகமும் பாஸ்பரஸும் கூடுதலாகச் சேர்த்த 10W-30. இந்த இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட் தட்டையான டாப்பெட்டின் மேல் உரசியபடி சுற்றும். அந்த உரசலைத் தாங்குவது இந்தச் சேர்மானம்தான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு ஆகாது என்று புதிய கார்களுக்கான ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

என் கணவர் வீட்டுக் கராஜிலேயே பெயின்ட் ஸ்பிரே செய்யப்போகிறார். வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது. பயமாக இருக்கிறது.
*— வாசகி, சிகாகோ*

உங்கள் பயம் நியாயமானது. இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

இன்றைய இரண்டு-பாக யூரித்தேன் கிளியர் கோட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஒருமுறை நுரையீரலுக்கு ஒவ்வாமல் போனால், அதன் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். கடையில் வாங்கும் சாதாரண முகமூடியை நம்பி இதை ஸ்பிரே செய்யக் கூடாது. வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று தரும் முகமூடியும், முறையான காற்றோட்டமும் வேண்டும். வீட்டோடு ஒட்டிய கராஜில் அதற்கு வழியில்லை.

அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். கூரையும் பின் பாடியும் சேரும் தையலைத் தொழிற்சாலையிலேயே ஈயம் வைத்துத்தான் நிரப்பினார்கள். ஆகவே தேய்க்கும் வேலையையும் நனைத்துத்தான் செய்ய வேண்டும். அந்த உடையோடு வீட்டுக்குள் வரக் கூடாது.

எங்கள் வண்டியின் டிங்கரிங், பட்டி, தேய்ப்பு எல்லாம் நாங்களே செய்தோம். கடைசி நிறத்தை மட்டும், லிண்டன் பச்சை, ஸ்பிரே பூத் வைத்திருப்பவரிடம் கொடுத்து அடித்தோம். அதுவும் வண்டி இரண்டு கோடைகாலம் ஓடிய பிறகு. அதுவரை திட்டுத்திட்டாகச் சாம்பல் பிரைமரோடுதான் சுற்றினோம். ஓட்டும்போது என்னென்ன கசிகிறது, எது மறுபடி கழற்ற வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். புதுப் பெயின்ட் மேல் ஸ்பேனரோடு சாய்ந்து வேலை செய்ய யாருக்கும் மனசு வராது.

குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கலாமா?
*— வாசகர், மினியாபோலிஸ்*

கூடாது. ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுசாகச் சூடாகாது. எரிந்ததில் வரும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கிவிடும். சாலையில் உப்பு விழும் முன் ஆயில் மாற்றி, டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் விட்டு, அது கார்புரேட்டர் வரை போகும்படி பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ரேடியேட்டரில் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. பேட்டரிக்குச் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சைலன்சர் வாயிலும் ஏர் கிளீனர் மூக்கிலும் இரும்பு நாரை அடையுங்கள். எங்கள் ஏர் கிளீனருக்குள் எலி கூடு கட்டிக் குட்டியே போட்டிருந்தது. எடுக்க மறந்துவிடாமலிருக்க ஸ்டியரிங்கில் ஒரு சீட்டுக் கட்டுங்கள்.

லிட்டருக்கு 5 கிலோமீட்டர்கூடத் தராத காரில் அப்படி என்ன இருக்கிறது?
*— வாசகர், சென்னை*

நகரத்துக்குள் 5 தராது, உண்மைதான். எனக்கு இதில் பிடித்தது இது பிறந்த கதை. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் கட்டுப்பாடு. பான்டியாக்கின் தலைமை எஞ்சினியர் ஜான் டெலோரியனும், பில் காலின்ஸ், ரஸ் கீ என்ற எஞ்சினியர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். பெரிய காரில் போடும் 389 கன அங்குல வி-8 இன்ஜின், சிறிய 326 மாதிரியேதான் வெளித்தோற்றத்தில். அதே இடத்தில், அதே மவுன்ட்டில் உட்கார்ந்துவிடும். புதிய மாடல் என்றால் மேலிடத்து அனுமதி வேண்டும், ஆப்ஷன் என்றால் வேண்டாம். 1964-இல் 295 டாலர் ஆப்ஷனாகப் போட்டார்கள். 5,000 விற்றால் போதும் என்று நினைத்தது, முதல் வருடத்திலேயே 32,450 விற்றது. என் 1967-இல் இருப்பது 400 கன அங்குலம், 335 குதிரைத் திறன்.

போல்ட் துளைகள் பொருந்துகின்றன என்று ஒருவர் கவனித்ததில் இவ்வளவும் ஆரம்பித்தது. அந்த மவுன்ட் போல்ட்டை நானே முறுக்கியபோது அதை நினைத்துக்கொண்டேன்.

எனக்கு 16 வயது. அப்பாவிடம் 1970 பான்டியாக் ஃபயர்பேர்ட் இருக்கிறது, வி-8. கற்றுக்கொள்ள ஆசை. "கையைக் கெடுத்துக்கொள்வாய்" என்கிறார். எந்த வேலையை முதலில் கேட்கலாம்?
*— மாணவி, டிராய், மிச்சிகன்*

பாயின்ட் சரிசெய்யும் வேலையைக் கேளுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சிறு சுவிட்ச்தான் பாயின்ட். அப்பா எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றாமல் இருந்தால், அந்த டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு சின்ன உலோக ஜன்னல் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பின்கோடியில், ஃபேனிலிருந்து தள்ளி இருக்கிறது. இருந்தாலும் முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், தொளதொளச் சட்டை வேண்டாம், சைலன்சர் குழாய்களையும் பிளக் வயர்களையும் தொடாதீர்கள். கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும்.

இன்ஜின் ஓடும்போது ஜன்னலைத் தூக்கி, கால் அங்குலத்தில் பாதி அளவு ஆலன் கீயை உள்ளே விட்டு, வலப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் தடுமாற ஆரம்பிக்கும். அங்கே நிறுத்தி, இடப்பக்கம் சரியாக அரைச் சுற்று. அவ்வளவுதான். பாயின்ட் எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று காட்டும் மீட்டர் இருந்தால் 30 டிகிரி காட்டும். பிறகு டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி பறக்கும் நேரத்தை, லைட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இது மாறினால் அதுவும் மாறும்.

என் மகள் 13 வயதில் செய்தது இந்த வேலையைத்தான். மீட்டரைப் பார்க்காதே, காதை வை என்றார் பெரியவர். அவள் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். இன்ஜின் தடுமாறியது, அரைச் சுற்றில் மறுபடி சீராக நின்றது. பெரியவர் மீட்டரை எங்களிடம் திருப்பிக் காட்டினார். 30.