99.9% கிருமி சாகும்னு போட்ட சோப்பு வாங்கலாமா?

கேள்வி: அக்கா வணக்கம், நாங்க கடலூர் முதுநகர். அம்மா மீன் வெட்டுற வேலை, முள்ளு குத்தி ரெண்டு தடவ விரல்ல சீழ் வச்சிருச்சு. அதுலேர்ந்து 99.9% கிருமி சாகும்னு போட்ட சோப்பாவே வாங்கித் தர்றேன், ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ கழுவுறாங்க, இப்ப கையெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. இன்னும் ஸ்ட்ராங்கா எது வாங்கலாம்?

பதில்: தம்பி, ஸ்ட்ராங்கா எதுவும் வாங்காதீங்க. அந்த வெடிப்புதான் இப்ப கிருமிக்கு வாசல். நம்ம தோலோட மேல் அடுக்குல இருக்கறது செத்துப்போன செல்லுங்க, அம்மா சொரண்டுற செதிள் மாதிரியே ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல கொழுப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு, அது முழுசா இருக்கற வரைக்கும் கிருமி சுலபத்துல உள்ள போகாது. அதோட தோலுக்கு லேசா புளிப்புத் தன்மை உண்டு, பிஎச் 5 பக்கம் (பிஎச்ங்கறது புளிப்பு, காரம் அளக்குற அளவு, 7க்கு கீழ புளிப்பு, மேல காரம்), வேர்வையில கூட கிருமி கொல்ற சரக்கு இருக்கு, நல்ல பாக்டீரியாவும் மேல குடியிருந்து கெட்டதுக்கு எடம் குடுக்காம பாத்துக்குது. சாதா சோப்பு பிஎச் 9, 10 வரும், திரும்பத் திரும்ப போட்டா அந்தக் கொழுப்பு கழண்டு போயிடும்.

நேத்து இங்க பாண்டியில முத்தியால்பேட்டை கடையில ஒரு சோப்பு கவரைத் திருப்பிப் பாத்தேன், முன்னாடி 99.9 பெருசா, பக்கத்துல குட்டியா ஒரு ஸ்டார், பின்னாடி எறும்பு சைஸ்ல 'லேப்ல சில கிருமிங்கள வச்சு டெஸ்ட் பண்ணது'ன்னு. அதுக்குப் போய் கூட காசு குடுக்கணுமா? அமெரிக்காவுல 2016ல ட்ரைக்ளோசான் உட்பட கிருமி கொல்ற 19 மருந்த சோப்புல போடக்கூடாதுன்னு அங்க மருந்துக் கட்டுப்பாடு பாக்குற எஃப்டிஏ சொல்லிருச்சு, சாதா சோப்பும் தண்ணியும் செய்யறத விட அதிகமா செய்யுதுன்னு கம்பெனிங்களால காட்ட முடியல.

கவர்ல டிஎஃப்எம் பாருங்க, அதாவது சோப்புல மொத்தம் எவ்வளவு கொழுப்புச் சத்து இருக்குங்கற கணக்கு, 76%க்கு கொறையாம இருந்தா கிரேடு 1 டாய்லெட் சோப்பு, அது போதும். வேலை முடிஞ்சு ஒரு தடவ, சாப்பிடறதுக்கு முன்ன, பாத்ரூம் போனா சோப்பு போடட்டும், நடுவுல சும்மா அலசினா வெறும் தண்ணி போதும். மிச்சமாகுற காசுல வெட்டும்போது மீனைப் புடிச்சுக்கிற கைக்கு ஒரு தடி ரப்பர் கிளவுஸும், ஒரு டப்பா வாசலினும் வாங்குங்க, ராத்திரி கை ஈரமா இருக்கும்போதே தடவணும், அதுதான் முக்கியம்.

முள்ளு குத்தினா உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவிட்டு டிடி ஊசி (டெட்டனஸ் வராம இருக்கப் போடுறது) போட்டு நாளாச்சான்னு கேளுங்க. வீக்கம் மேல ஏறுச்சுன்னாலோ காய்ச்சல் வந்தாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க, கடல் தண்ணிக் கிருமில சிலது ஒரே நாள்ல பரவிடும். அம்மாவுக்கு சுகர் இருக்கான்னு இந்த வாரமே பாத்துடுங்க தம்பி, ரெண்டு தடவ சீழ் வச்சிருக்குன்னா எனக்கு அதுதான் கவலையா இருக்கு.