செல் துண்டோடு லண்டன் டொக்டரிடம் போகும்போது

தம்பி, புதுக்குடியிருப்பிலிருந்து வந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை, 2009 சண்டையில் நாரியில் (இடுப்புக்குப் பின்பக்கம்) பட்ட செல் துண்டு, அதாவது எறிகணைச் சிதறல், உள்ளேயே கிடக்கிறது, இரவில் படுக்க முடியவில்லை, ஜீ.பி (இங்கே நாம் முதலில் போய்க் காட்டுகிற குடும்ப டொக்டர்) பரசிட்டமோல் போடச் சொல்லி அனுப்பிவிட்டார், இனி எப்படிக் கதைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானும் வன்னிதான், விசுவமடு. என் முழங்காலுக்குள்ளும் ஒன்று இருக்கிறது.

ஊரில் நம் பழக்கம் வேறு. கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் விடிய வரிசையில் நின்று, முறை வந்ததும் "நாரி நோகுது" என்போம், குளிசையோடு வந்துவிடுவோம். கூடக் கதைத்தால் பின்னால் நிற்கிற சனம் முறைக்கும். இங்கேயும் ஜீ.பிக்குப் பத்து நிமிசம் அளவுதான் நேரம். அதில் "சரியான நோ" என்று மட்டும் சொன்னால் பரசிட்டமோல்தான் வரும். நோவால் எது முடியவில்லை என்று சொல்லுங்கள்: எவ்வளவு நேரம் நிற்கலாம், சப்பாத்து லேஸ் கட்டக் குனிய முடிகிறதா, இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள். எரிகிறதா, கரண்ட் அடித்தமாதிரி காலுக்குள் இறங்குகிறதா என்பதையும் விடாதீர்கள். நரம்பு நோவுக்கு மருந்தே வேறு. பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார்கள். நம் ஆட்கள் சிரித்த முகத்தோடு "பத்து" என்பார்கள், இல்லாவிட்டால் மானத்துக்கு "மூன்று" என்பார்கள். டொக்டர் எதை நம்புவார்?

நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், காசில்லை. மகளைக் கூட்டிப்போய்க் கதைக்க விடவேண்டாம். அப்பாவின் காயத்தைப் பிள்ளை ஏன் தன் வாயால் சொல்ல வேண்டும்?

செல் பட்டது என்பதை மறைக்காதீர்கள். பயத்தில் "விழுந்துவிட்டேன்" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். டொக்டர் எழுதுவது கோப்பில் நிற்கும். அகதி வழக்குக்கு உங்கள் சட்டத்தரணி அதை எடுக்கும்போது கதை இரண்டாகிவிடும். அதைவிடப் பெரிய காரணம் எம்.ஆர்.ஐ. அது பெரிய காந்தத்தால் உடம்பின் உள்ளே படம் எடுக்கிற ஸ்கான். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அசையலாம், சூடேறலாம். ஸ்கானுக்கு முன் ஒரு படிவம் தருவார்கள், உடம்புக்குள் உலோகம் உண்டா என்று அதில் கேட்டிருக்கும். வாசிக்காமல் எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுகிற வேலை வேண்டாம். சொன்னால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

பிறகு, அமிற்றிப்ரிலின் என்று ஒரு குளிசை தரக்கூடும். தாளை வாசித்தால் மனச்சோர்வுக்கான மருந்து என்றிருக்கும். "என்னை விசரன் என்று நினைத்துவிட்டார்" என்று குப்பையில் போடவேண்டாம். நரம்பு நோவுக்கு அதையே குறைந்த அளவில், பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்கி, இரவில் தருவார்கள். வேலை காட்டச் சில கிழமை எடுக்கும். வாய் காயும், காலையில் மந்தமாக இருக்கும்; வாகனம் ஓட்டுவதென்றால் முதலே கேளுங்கள். ஊரிலிருந்து வந்த சூரணம், எண்ணெய் ஏதும் பாவித்தால் அதையும் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

துண்டை வெட்டி எடுக்கச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பலருக்கு அப்படியே விட்டுவிடுகிறார்கள், எடுக்கப்போய்ச் சுற்றியுள்ள நரம்பு பழுதாகும் என்பதால். மூட்டுக்குள் இருந்தால், நரம்பை அழுத்தினால், சீழ் வைத்தால் கதை வேறு. எக்ஸ்ரே வந்த பிறகு, துண்டு எங்கே நிற்கிறது என்று படத்தில் காட்டச் சொல்லி, அந்த இடத்தில் வைத்தே இதைக் கேளுங்கள்.